டான்ஸ் மாஸ்டர் எப்படி டைரக்டர் ஆகிறார்? பிரபுதேவாவை முன்வைத்து ஒரு விளக்கம்

ஒரு தமிழ்ப் படத்தில் ஐந்து பாட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் நாலரை நிமிடம். மொத்தம் இருபது நிமிடத்துக்கு மேல். டைட்டிலில் 'இயக்கம்' என்று யார் பெயர் வந்தாலும், அந்த இருபது நிமிடத்தில் பெரும்பகுதியைத் தளத்தில் நின்று எடுத்தவர் பெரும்பாலும் அவராக இருக்க மாட்டார். 'நடனம்' என்று போட்டுச் சில நொடிகளில் மறைகிறதே ஒரு பெயர், அதற்குரியவர்தான் கேமரா பக்கத்தில் நின்று 'கட்' சொல்லியிருப்பார்.

திரைத்துறைக்குள் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வெளியே அப்படி இல்லை. அதனால்தான் ஒரு டான்ஸ் மாஸ்டர் படம் இயக்கப் போகிறார் என்று செய்தி வரும்போதெல்லாம், "ஆடச் சொல்லிக்கொடுப்பவருக்குக் கதை சொல்ல வருமா?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஆடச் சொல்லிக்கொடுப்பது மட்டும்தான் அவர் வேலை என்று எடுத்துக்கொண்டு கேட்கப்படுவதால், பதிலும் எப்போதும் பாதிதான் கிடைக்கிறது.

பிரபுதேவா இதற்குப் பொருத்தமான உதாரணம். 2005 முதல் 2021 வரை தெலுங்கு, தமிழ், இந்தி ஆகிய மூன்று மொழிகளில் 15 படங்களை இயக்கியிருக்கிறார். அவற்றில் பெரிய வெற்றிகளும் உண்டு, பலத்த அடிகளும் உண்டு. எது ஏன் ஓடியது, எது ஏன் சறுக்கியது என்பதற்கான காரணத்தை அவருடைய முதல் தொழிலிலேயே தேடலாம் என்பது என் கணிப்பு.

## முதலில், டான்ஸ் மாஸ்டர் என்ன செய்கிறார்?

ஒரு பாட்டு எப்படி எடுக்கப்படுகிறது என்று படிப்படியாகப் பார்த்தால் இது புரியும்.

1. பாட்டு முன்னதாகவே ஒலிப்பதிவாகி முடிந்திருக்கும். தளத்தில் அதை ஒலிக்கவிட்டு நடிகர்கள் வாயசைப்பார்கள். முன்பு நாக்ரா என்ற டேப் கருவியில் ஓடியது, இப்போது கணினியில் ஓடுகிறது.

2. மாஸ்டர் அந்தப் பாட்டை எண்ணிக்கையாகப் பிரிப்பார். ஒன்று முதல் எட்டு வரை ஒரு கவுண்ட். பல்லவிக்கு இத்தனை எட்டு, சரணத்துக்கு இத்தனை எட்டு, நடுவில் வரும் வாத்திய இசைக்கு இத்தனை எட்டு. இசையமைப்பாளர் ராகமாகக் கேட்ட ஒன்றை இவர் எட்டு எட்டாகக் கேட்கிறார்.

3. அசைவுகளை அமைத்து, உதவியாளர்களுக்கும் குரூப் டான்சர்களுக்கும் ஒத்திகை கொடுப்பார். நாயகனோ நாயகியோ வந்ததும் ஓர் உதவியாளர் எதிரே நின்று கண்ணாடி பிம்பம் போல ஆடிக் காட்டுவார்.

4. படம் பிடிப்பது துண்டு துண்டாக. தளத்தில் இதை 'பிட்' என்பார்கள். ஒரு பிட்டுக்கு இரண்டு வரி இருக்கும், சில நேரம் ஒரே ஒரு எட்டுதான் இருக்கும். அதை எடுத்து முடித்துவிட்டு அடுத்த பிட்டுக்குப் போவார்கள்.

நாலாவதில்தான் விஷயம் இருக்கிறது. காலில் ஒரு அழகான அசைவு வைத்துவிட்டு, ஃபிரேமை இடுப்போடு வெட்டினால் அந்த அசைவு வைத்தும் பயனில்லை. கேமரா வலமிருந்து இடம் நகரும்போது ஆடுபவரும் அதே பக்கம் நகர்ந்தால் ஆட்டத்தின் வேகம் பாதியாகக் குறைந்து தெரியும். ஆகவே அசைவை யோசிப்பவரே கேமரா எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும், எந்த இடத்தில் அடுத்த ஷாட்டுக்கு வெட்ட வேண்டும் என்பதையும் யோசித்தாக வேண்டும். ஒளிப்பதிவாளரிடம் நேராகப் பேசுவதும் அவர்தான். மேடை நடனம் அமைப்பவருக்கு இந்தப் பொறுப்பு கிடையாது. அங்கே பார்வையாளர் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு சின்ன உதாரணம். திரையில் வாயசைப்பு பாட்டோடு சரியாகப் பொருந்தியிருக்கும், ஆனால் முடியும் துணியும் மெல்ல மிதக்கும். இது எப்படி? நொடிக்கு 48 ஃபிரேம் எடுத்து 24 ஃபிரேமாக ஓட்டினால் அசைவு பாதி வேகத்தில் தெரியும். வாயசைப்பும் பாதி வேகமாகிவிடுமே என்றால், அதற்காகத் தளத்தில் பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிடுவார்கள். நடிகர் கீச்சுக் குரலுக்கு அவசர அவசரமாக வாயசைப்பார். திரையில் எல்லாம் சாந்தமாகப் பொருந்திவிடும். 1992இல் வந்த 'ஜோ ஜீத்தா வஹி சிக்கந்தர்' என்ற இந்திப் படத்தில் ஒரு பாட்டு முழுவதையும் ஸ்லோமோஷனில் எடுத்துப் பெயர் வாங்கியவர் ஃபரா கான். மூத்த டான்ஸ் மாஸ்டர் சரோஜ் கான் விலகிய இடத்துக்கு வந்த புதுமுகம். அந்தப் பாட்டில் கடினமான ஸ்டெப் என்று சொல்ல எதுவுமே இல்லை. முழுக்க முழுக்க கேமரா பற்றிய யோசனைதான்.

எல்லாப் பாட்டும் இப்படி மாஸ்டர் கைக்குப் போய்விடுவதில்லை. வாயசைப்பு இல்லாமல் காட்சிகளைக் கோத்து வரும் மான்டேஜ் பாட்டை டைரக்டரே எடுப்பார். சில டைரக்டர்கள் நடனப் பாட்டிலும் ஷாட்டைத் தாங்களே முடிவு செய்வார்கள். ஆனாலும் பொதுவான வழக்கத்தைச் சொன்னால், டான்ஸ் மாஸ்டர் என்பவர் ஏற்கெனவே குறும்படம் இயக்கிக்கொண்டிருப்பவர். வேறொருவர் படத்துக்குள் அவருடைய நாலரை நிமிடப் படம் ஓடுகிறது.

## வீடே பள்ளிக்கூடம்

பிரபுதேவா பிறந்தது மைசூரில், 1973 ஏப்ரல் 3 அன்று. வளர்ந்தது சென்னையில். அப்பா முகூர் சுந்தரம் தென்னிந்தியப் படங்களில் பெயர் பெற்ற டான்ஸ் மாஸ்டர். அண்ணன் ராஜு சுந்தரம், தம்பி நாகேந்திர பிரசாத் இருவரும் அதே தொழிலுக்கு வந்தவர்கள். பிரபுதேவா பரதநாட்டியத்தை முறையாகக் கற்றார். தர்மராஜ், உடுப்பி லட்சுமிநாராயணன் ஆகியோர் அவருடைய குருக்கள்.

சினிமா நடனத்துக்கென்று கல்லூரி எதுவும் அப்போது கிடையாது. குரூப்பில் ஆடி, உதவியாளராகி, மாஸ்டர் வர முடியாத நாளில் ஒரு பிட் எடுத்துக் கொடுத்து, அப்படியே மேலே வருவதுதான் வழி. இந்த ஏணி முழுக்க அவருக்கு வீட்டுக்குள்ளேயே இருந்தது. 1986இல் 'மௌன ராகம்' படப் பாட்டு ஒன்றில் புல்லாங்குழல் வாசிக்கும் பையனாகத் திரையில் தெரிகிறார். 1988இல் 'அக்னி நட்சத்திரம்' படத்தில் குரூப்பில் ஒருவர். 1989இல் கமல்ஹாசன் நடித்து வந்த 'வெற்றி விழா'வில் நடனம் அமைப்பவராகிவிட்டார். அப்போது வயது 16.

பதினாறு வயதுப் பையன் கமல்ஹாசனுக்கு ஸ்டெப் சொல்லிக்கொடுத்தான் என்பது கேட்க ஆச்சரியமாக இருக்கும். கமல்ஹாசனே இளவயதில் தங்கப்பன் மாஸ்டரிடம் உதவியாளராக இருந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஆச்சரியம் கொஞ்சம் குறையும். தொழில் தெரிந்தவர் முன்னால் தொழில் தெரிந்த பையன் நின்றான், அவ்வளவுதான்.

## 1993 முதல் 1997 வரை: என்ன மாறியது?

1991இல் 'இதயம்' படத்தில் ஒரு பாட்டுக்கு ஆடினார். 1993இல் ஷங்கரின் 'ஜென்டில்மேன்' படத்தில் 'சிக்குபுக்கு ரயிலே'. அடுத்த ஆண்டே 'இந்து' படத்தில் நாயகன், அதே ஆண்டு 'காதலன்'. ஒரே ஒரு பாட்டுக்கு வந்து ஆடிவிட்டுப் போகும் மாஸ்டர், ஒரு வருட இடைவெளியில் கட்-அவுட் வைக்கும் நாயகன் ஆனார். இது எப்படி நடந்தது என்பதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன என்பதுதான் முக்கியம்.

1. உறுப்பைப் பிரிக்கும் ஆட்டம். அதுவரை திரையில் உடம்பு பெரும்பாலும் மொத்தமாக ஆடியது. பிரபுதேவா தோளை மட்டும், முழங்காலை மட்டும், மணிக்கட்டை மட்டும் ஆடவைத்து மற்றதை அசையாமல் நிறுத்தினார். மைக்கேல் ஜாக்சனின் தாக்கம் வெளிப்படையானது, யாரும் மறைக்கவில்லை. ஆனால் வெளியில் இருந்து வந்தது மட்டும்தானா? பரதத்தில் தலைக்குத் தனி அசைவு, கழுத்துக்குத் தனி அசைவு, கண்ணுக்குத் தனி அசைவு என்று வகுத்து வைத்து, சின்ன வயதிலேயே பழக்குகிறார்கள். அப்படிப் பழகிய உடம்புக்கு, உறுப்பைச் சட்டென்று வெட்டி நிறுத்தும் 'பாப்பிங்', 'லாக்கிங்' போன்ற மேற்கத்திய ஆட்ட வகைகள் முற்றிலும் அந்நியமாக இருந்திருக்காது. 'எலும்பே இல்லாதவர்' என்று அவரைச் சொல்வது வழக்கம். எந்த எலும்பை எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர் என்றால் இன்னும் சரியாக இருக்கும்.

2. இசை. 1992இல் ஏ.ஆர்.ரஹ்மான் வந்த பிறகு, கணினியில் கோக்கப்பட்ட, இம்மி பிசகாத தாளம் சினிமாப் பாட்டுக்குள் வந்தது. சட்டென்று வெட்டி நிறுத்தும் ஒலிகள் நிறைய. உறுப்பைச் சட்டென்று நிறுத்தும் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான தரை கிடைக்காது.

3. எடிட்டிங்கும் தந்திரக் காட்சியும். 'காதலன்' படத்தின் 'முக்காலா முக்காபுலா' பாட்டில் கடைசிப் பகுதி நினைவிருக்கும். கௌபாய் செட்டில் ஆடிக்கொண்டிருக்கும் உடம்பில் தலையும் கையும் பாதமும் மறைந்துபோய், தொப்பியும் கையுறையும் ஷூவும் மட்டும் ஆடும். அந்தப் படம் நான்கு தேசிய விருதுகளைப் பெற்றது. பின்னணிப் பாடகர், ஒலிப்பதிவு, எடிட்டிங், தந்திரக் காட்சி. நடனத்துக்கு இல்லை. நாடு முழுக்க ஆட்டத்துக்காகப் பேசப்பட்ட படம் எடிட்டிங்குக்கும் தந்திரக் காட்சிக்கும் விருது வாங்கியதை முரண் என்று சொல்லத் தோன்றும். எனக்கு அது பொருத்தமாகத்தான் படுகிறது. நாம் நடனம் என்று பார்த்தது அந்த மூன்றும் கலந்த ஒன்றைத்தான்.

இதற்குப் பிறகு நாயகனாக வரிசையாகப் படங்கள் வந்தன. 'காதலா காதலா', 'வானத்தைப்போல' போன்ற படங்களில் இன்னொரு நாயகனோடு சேர்ந்து வந்தபோது சௌகரியமாக இருந்தார். தனித்து நின்ற படங்களில் ஏற்ற இறக்கம் அதிகம். 2000களின் தொடக்கத்தில் அந்த ஓட்டம் தளர்ந்துவிட்டது. இடையில் 1999இல் மியூனிக்கில் மைக்கேல் ஜாக்சன் நடத்திய நிகழ்ச்சியில் ரஹ்மான், ஷோபனா ஆகியோரோடு மேடை ஏறியதும் உண்டு.

## நடனம் கதை சொல்ல ஆரம்பித்த இடம்

டான்ஸ் மாஸ்டருக்குக் கதை சொல்ல வருமா என்ற கேள்விக்குப் பதில் அவர் இயக்கிய படங்களுக்கு முன்னாலேயே இரண்டு பாட்டுகளில் இருக்கிறது. இரண்டு படங்களுமே அவருக்கு நடன அமைப்புக்கான தேசிய விருது வாங்கிக் கொடுத்தவை.

முதலாவது ராஜீவ் மேனனின் 'மின்சார கனவு'. 'வெண்ணிலவே வெண்ணிலவே' பாட்டில் இரவு, இரண்டு பேர், சத்தமில்லாத ஒரு நெருக்கம். 'முக்காலா' ஆடிய அதே உடம்பு இங்கே அடக்கி வாசிக்கிறது. வித்தை காட்ட வாய்ப்பு இருக்கும் இடங்களில் காட்டாமல் விடுகிறார். பாத்திரம் என்ன நினைக்கிறது என்பதைப் பார்ப்பவர் கவனிக்க அந்த அடக்கம்தான் இடம் கொடுக்கிறது.

இரண்டாவது, 2004இல் ஃபர்ஹான் அக்தர் இயக்கிய 'லக்ஷயா'. நாயகன் ஹ்ரித்திக் ரோஷன். என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாமல் திரியும் இளைஞன், 'நான் ஏன் இப்படி இருக்கிறேன்' என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பாட்டு அது. உறுப்பைப் பிரிக்கும் அதே உத்தியைத்தான் இங்கேயும் எடுக்கிறார். ஆனால் இப்போது அதற்கு ஓர் அர்த்தம் வந்துவிட்டது. ஓர் உறுப்பு சொல்வதை இன்னோர் உறுப்பு கேட்காத மாதிரியான ஆட்டம், மனசு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று இருப்பவனின் நிலையாகிவிடுகிறது. ஸ்டெப் கடினமானதுதான், ஆனால் கடினத்துக்காக வைக்கப்பட்டதல்ல.

இந்தப் பாட்டு வந்த அடுத்த ஆண்டே அவர் டைரக்டர்.

## 2005: நாற்காலி மாறுகிறது

முதல் படம் தெலுங்கில். எம்.எஸ்.ராஜு தயாரித்த 'நுவ்வொஸ்தானன்டே நேனொத்தன்டானா'. சித்தார்த், த்ரிஷா, தேவி ஸ்ரீ பிரசாத் இசை. வெளிநாட்டில் வளர்ந்த பணக்காரப் பையன், காதலித்த பெண்ணுக்காக அவள் அண்ணனின் வயலில் இறங்கி வேலை செய்து தன்னை நிரூபிக்கும் கதை. பெரிய வெற்றி. பிற மொழிகளில் பல முறை மறுபடி எடுக்கப்பட்டது. தமிழில் 2006இல் எம்.ராஜா இயக்கத்தில் 'உனக்கும் எனக்கும்' என்று வந்தது அதுதான். இந்தியில் 2013இல் 'ராமையா வஸ்தாவையா' என்ற பெயரில் பிரபுதேவாவே மறுபடி எடுத்தார்.

மற்றவர்கள் வந்து ரீமேக் உரிமை கேட்கும்படியான படத்தோடு தொடங்கியவர், பிறகு தானே ரீமேக் டைரக்டர் என்று அறியப்பட்டார். சினிமாவில் இப்படித்தான் நடக்கும்.

## ஏன் ரீமேக்?

அவர் இயக்கிய 15 படங்களில் குறைந்தது ஆறு நேரடி ரீமேக்:

1. 'போக்கிரி' (தமிழ், 2007). மூலம் பூரி ஜெகன்நாத்தின் தெலுங்கு 'போக்கிரி'.
2. 'ஷங்கர் தாதா ஜிந்தாபாத்' (தெலுங்கு, 2007). மூலம் இந்தி 'லகே ரஹோ முன்னா பாய்'.
3. 'வான்டட்' (இந்தி, 2009). மூலம் மறுபடியும் அதே தெலுங்கு 'போக்கிரி'.
4. 'வெடி' (தமிழ், 2011). மூலம் தெலுங்கு 'சௌர்யம்'.
5. 'ரவுடி ரத்தோர்' (இந்தி, 2012). மூலம் ராஜமௌலியின் 'விக்ரமார்க்குடு'.
6. 'ராமையா வஸ்தாவையா' (இந்தி, 2013). மூலம் தன்னுடைய முதல் படமே.

இதைச் சோம்பல் என்று ஒதுக்குவது எளிது. நான் வேறு மாதிரி பார்க்கிறேன். டான்ஸ் மாஸ்டர் ஒருபோதும் மெட்டுப் போடுவதில்லை. மெட்டு முடிந்து, பாடி, கலந்து, தயாராக அவர் கைக்கு வருகிறது. அதன் நீளத்தை மாற்ற முடியாது, வரியை மாற்ற முடியாது. அதற்குள் நின்று ஓர் உடம்பைப் பொருத்துவதுதான் அவர் திறமை. அப்புறம், ரீமேக் என்பது என்ன? கதை முடிந்து, ஓடி, நிரூபிக்கப்பட்டு கைக்கு வருகிறது. அதற்குள் இன்னொரு நாயகனின் உடம்பைப் பொருத்த வேண்டும். பதினாறு வயதிலிருந்து செய்துவந்த வேலை இதுதான், நீளம் மட்டும் இரண்டரை மணி நேரம்.

ஒரே தெலுங்குப் படத்தை அவர் இரண்டு முறை எடுத்ததை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். தமிழில் விஜய், இந்தியில் சல்மான் கான். விஜய்க்கு வேகம் உண்டு, அடுத்தடுத்து ஸ்டெப் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். ஆகவே தமிழ்ப் படம் பாட்டுக்குள்ளும் பாட்டுக்கு வெளியிலும் துள்ளிக்கொண்டே இருக்கும். சல்மானுக்கு அந்த வேகம் பொருந்தாது. அவர் பலம் நிற்பதிலும் நடப்பதிலும் இருக்கிறது. 'வான்டட்' அதற்கேற்றபடி நின்று, திரும்பி, நடந்து வருவதையே ஒரு ஆட்டம் மாதிரி எடுத்திருக்கும். வசனமும் சண்டையும் ஏறக்குறைய ஒன்றுதான். உடம்புக்கு ஏற்ற அளவு மட்டும் மாறியது. ஆட வராத நாயகனை ஆடுகிற மாதிரி காட்டுவது டான்ஸ் மாஸ்டர்களின் பழைய கைப்பக்குவம். அதை ஒரு முழுப் படத்துக்கு நீட்டியிருக்கிறார்.

காலமும் கைகொடுத்தது. முருகதாஸின் 'கஜினி' 2008 இறுதியில் இந்தியில் பெரும் வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டு 'வான்டட்'. தென்னிந்திய மசாலாவை இந்தி நாயகர்கள் தேடிவர ஆரம்பித்த நேரம் அது. அக்‌ஷய் குமார் நடித்த 'ரவுடி ரத்தோர்' நூறு கோடி வசூலைத் தாண்டியது.

## எங்கே சறுக்குகிறது?

கையில் தயார் மெட்டு இல்லாதபோது. 2009இல் 'வில்லு', 2014இல் 'ஆக்‌ஷன் ஜாக்சன்' இரண்டும் விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டன.

பாட்டு எடுக்கும் பழக்கமே இங்கே எதிராக வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். பாட்டில் ஒவ்வொரு பிட்டும் தனியாக நின்று கண்ணைப் பிடிக்க வேண்டும். மந்தமான பிட் ஒன்றுகூட இருக்கக் கூடாது, ஏனென்றால் இருப்பதே நாலரை நிமிடம். கதை அப்படி இல்லை. அதில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு காட்சி வந்து, அடுத்து வரப்போவதற்கு மண்ணைப் பதப்படுத்த வேண்டும். எல்லாக் காட்சியும் உச்சம் என்றால் எதுவும் உச்சம் இல்லை. 'ஆக்‌ஷன் ஜாக்சன்' பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தனித்தனியாகப் பத்து நிமிடம் பார்த்தால் உற்சாகமாக இருக்கும், முழுதாக உட்கார்ந்தால் தலை வலிக்கும்.

ரீமேக்கில் இந்த மேடு பள்ளத்தை மூலப் படத்தின் திரைக்கதை ஏற்கெனவே அமைத்துக் கொடுத்துவிடுகிறது. அதனால் அங்கே அவர் பலம் மட்டும் தெரிகிறது.

## மற்ற மாஸ்டர்கள்

இது எல்லா டான்ஸ் மாஸ்டருக்கும் பொருந்தும் விதி அல்ல. ராகவா லாரன்ஸ் 2004இல் நாகார்ஜுனாவை வைத்துத் தெலுங்கில் 'மாஸ்' எடுத்துத் தொடங்கினார். 2007இல் 'முனி', 2011இல் 'காஞ்சனா' என்று பேயும் சிரிப்பும் கலந்த ஒரு வகையைத் தனக்கென்று உருவாக்கிக்கொண்டார். தயார் மெட்டுக்குக் காத்திருக்கவில்லை. ஃபரா கான் 2004இல் 'மேய்ன் ஹூன் நா', 2007இல் 'ஓம் சாந்தி ஓம்' இரண்டிலும் பழைய இந்திப் படங்கள் மீதான பிரியத்தையே கதையாக்கினார். பிருந்தா மாஸ்டர் 2022இல் 'ஹே சினாமிகா'வில் தொடங்கினார்.

ராஜு சுந்தரம் 2008இல் அஜித்தை வைத்து 'ஏகன்' எடுத்தார். அது 'மேய்ன் ஹூன் நா' படத்தைத் தழுவியது. ஒரு டான்ஸ் மாஸ்டர் எடுத்த படத்தை இன்னொரு டான்ஸ் மாஸ்டர் ரீமேக் செய்த கதை.

## அசைவு யாருக்குச் சொந்தம்?

மாஸ்டர்கள் ஏன் டைரக்டர் நாற்காலியைத் தேடிப் போகிறார்கள் என்பதற்குக் கலை ஆசை மட்டும் காரணம் இல்லை. பெயரும் உரிமையும் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பெயரை எடுத்துக்கொண்டால், ஃபிலிம்ஃபேர் விருதில் நடன அமைப்புக்கு ஒரு பிரிவு வந்ததே 1989இல்தான். 'தேஜாப்' படத்தில் மாதுரி தீட்சித்துக்கு சரோஜ் கான் அமைத்த ஆட்டம் ஏற்படுத்திய பரபரப்புக்குப் பிறகு. 2023இல் 'நாட்டு நாட்டு' பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தபோது மேடை ஏறி வாங்கியவர்கள் இசையமைத்த கீரவாணியும் எழுதிய சந்திரபோஸும். உலகம் முழுக்க ஆட்கள் நகலெடுத்தது பிரேம் ரக்‌ஷித் அமைத்த ஸ்டெப்பை. ஆனால் ஆஸ்கரில் நடன அமைப்புக்குப் பிரிவு இல்லை. இந்தியாவின் தேசிய விருது அவருக்கு வந்தது.

உரிமை விஷயம் இன்னும் சிக்கல். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை வைத்துச் சுருக்கமாகச் சொன்னால்:

1. நடன அமைப்பு என்பது சட்டத்தில் 'நாடகப் படைப்பு' என்ற வகைக்குள் வருகிறது. எழுத்திலோ வேறு விதத்திலோ பதிவாகியிருக்க வேண்டும். ஆனால் அதே வரையறை, திரைப்படம் அதில் சேராது என்றும் சொல்கிறது. சினிமா ஆட்டம் பெரும்பாலும் திரைப்படத்தில்தான் பதிவாகிறது என்பதால் சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

2. திரைப்படத்தின் ஆசிரியர் என்று சட்டம் கருதுவது தயாரிப்பாளரை. டைரக்டரைக்கூட இல்லை.

3. 2012இல் வந்த திருத்தம் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் பெரிய மாற்றம். தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர வேறு எங்கே அவர்கள் படைப்பு பயன்பட்டாலும் ராயல்டியில் பங்கு உண்டு, அந்த உரிமையை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. ஆனால் சட்டம் சொல்வது இலக்கியப் படைப்பையும் இசைப் படைப்பையும் மட்டும்தான். நாடகப் படைப்பு அந்த வாக்கியத்தில் இல்லை.

விளைவு என்ன? 2018 டிசம்பரில் வந்த 'மாரி 2' படத்தின் 'ரவுடி பேபி' பாட்டுக்கு நடனம் பிரபுதேவா. 2020 நவம்பரில் அது யூடியூபில் நூறு கோடிப் பார்வையைத் தாண்டியது. தனுஷும் சாய் பல்லவியும் ஆடியதைத் திரும்பத் திரும்பப் பார்க்கத்தான் ஏராளமானவர்கள் வந்தார்கள் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். அந்தப் பார்வைகளில் மெட்டுக்கும் வரிக்கும் ராயல்டிப் பங்கைச் சட்டம் உறுதி செய்கிறது. ஆட்டத்துக்கு அப்படி ஓர் உறுதி இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். டைரக்டர் ஆனால் இது முழுவதும் சரியாகிவிடும் என்றும் இல்லை, மேலே சொன்ன இரண்டாவது புள்ளி அவருக்கும் பொருந்தும். ஆனால் சம்பளம் பேசும் இடத்தில் நாலரை நிமிடத்துக்குப் பேசுபவருக்கும் இரண்டரை மணி நேரத்துக்குப் பேசுபவருக்கும் உள்ள தூரம் பெரியது.

2019இல் பிரபுதேவாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அடுத்த ஆண்டு, ரெமோ டிசோசா என்ற இன்னொரு டான்ஸ் மாஸ்டர் இயக்கிய 'ஸ்ட்ரீட் டான்சர் 3டி' என்ற இந்திப் படத்தில் 1994ஆம் ஆண்டின் 'முக்காலா' மெட்டைப் புதுப்பித்து வைத்தார்கள். ஆடுவதற்குப் பிரபுதேவாவையே அழைத்தார்கள். பழைய மெட்டை எடுக்க வேண்டுமென்றால் அதன் உரிமையாளரிடம் அனுமதி வாங்கியாக வேண்டும், சட்டம் அதில் தெளிவாக இருக்கிறது. பழைய ஸ்டெப்புக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை. ஆடிய உடம்பைத்தான் நேரில் வரவழைத்தார்கள்.